எம்.ஐ.ஏ.: பாட்டும் அபிநயமும் உரையும்

எம்.ஐ.ஏ. (மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், பிறப்பு: ஜூலை 18, 1975) லண்டனில் பிறந்த ஈழத்தமிழ் இசைக்கலைஞர். மின்னணு இசை, ராப், நடனக்கூட இசை ஆகியவற்றுடன் தமிழ்நாட்டின் தாளக்கருவிகளையும் திரையிசைத் துண்டுகளையும் கலந்து பாடல்களை அமைத்தவர். பாடகர், காணொளி இயக்குநர், ஓவியர், உடை வடிவமைப்பாளர் எனப் பல முகங்கள் கொண்டவர். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு வேடம் ஏற்று, அந்த வேடத்துக்குரிய உடை, வண்ணம், எழுத்துரு, காணொளி, மேடையசைவு அனைத்தையும் தானே வகுப்பது அவரது பாணி. இந்த நாடகத்தன்மையே அவருக்குப் புகழையும் தீராத விவாதங்களையும் தந்தது.

அளவுகோல்

எம்.ஐ.ஏ.யைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவை அவரை மேலைநாட்டு ராப், பங்க், நடன இசை மரபுகளின் வழியாக மதிப்பிடுகின்றன. அவர் பாடல்களில் ஒலிக்கும் உறுமியும் அவர் கையாளும் பாத்திரமேற்றுப் பாடும் முறையும் தமிழ் மரபில் நீண்ட வரலாறு உடையவை. இவை இரண்டும் இன்றும் அருகருகே வழங்கும் இடங்களில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம். எம்.ஐ.ஏ.வுக்கும் இவ்வூர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவரது இசையின் வலிமையையும் குறையையும் அறிய இங்குள்ள கலைகள் நல்ல அளவுகோலாக அமைகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை நடைபெறுகிறது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தின் மேல்கோட்டை ஆகிய தலங்களிலும் இம்மரபு உண்டு. நாதமுனிகளிடமிருந்து தொடங்கியதாக வைணவ மரபு இதைக் கூறுகிறது. அரையர் கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, கையில் தாளம் ஏந்தி, திவ்வியப் பிரபந்தப் பாசுரத்தைப் பாடுவார். பின் அதற்கு அபிநயம் செய்வார். அதன்பின் உரை சொல்வார். பாட்டு, அபிநயம், உரை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சேவை. முத்துக்குறி என்னும் பகுதியில் காதலில் வாடும் மகள், கவலையுறும் தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவரும் ஒரே அரையரின் உடலில் தோன்றி மறைவார்கள். உடை மாற்றம் கிடையாது. இப்போது பேசுபவர் யார் என்பது பார்ப்போருக்குத் தெரியும். ஏனென்றால் மூலமும் உரையும் அங்கே பொதுவானவை.

ஆண்டாளின் திருப்பாவையும் பாத்திரமேற்றுப் பாடிய பாட்டுதான். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், தன்னையும் தோழியரையும் ஆயர் சிறுமியராகவும் பாவித்து அவர் பாடினார் என்பது வைணவ உரைமரபு. ஆக ஒருவர் இன்னொருவராகிப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. பாடுபவர் எடுத்த வேடம் கேட்பவருக்குப் புரியும்படி எவ்வாறு நிலைநிறுத்தப்படுகிறது என்பதே கேள்வி. எம்.ஐ.ஏ.யின் இசை வாழ்க்கை முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

பிறப்பு, இளமை

மாதங்கி லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். தந்தை அருள்பிரகாசம், தாய் கலா. மாதங்கி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அருளர் என்னும் இயக்கப் பெயர் கொண்டிருந்த தந்தை, ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவர். அவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் எனப் பல ஆங்கில ஊடகங்கள் எழுதியது பிழை. தந்தை பெரும்பாலும் உடன் இல்லாத சூழலில் பிள்ளைகள் தாயின் பொறுப்பில் வளர்ந்தனர். இடையில் சிறிது காலம் குடும்பம் சென்னையிலும் வசித்தது.

போர் முற்றியதால் 1986-ல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் சென்றனர். தெற்கு லண்டனின் மிட்சம் பகுதியில் அரசுக் குடியிருப்பில் வசித்தனர். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். பிரித்தானிய அரச விருதுப் பதக்கங்களுக்கான தையல் வேலையும் அதில் அடங்கும். 2020-ல் மகளுக்கு எம்.பி.இ. விருதுப் பதக்கம் அணிவிக்கப்பட்டபோது, அத்தகைய பதக்கங்களைப் பல ஆண்டுகள் கையால் தைத்தவர் தன் தாய் என்பதையே மாதங்கி முன்வைத்துப் பேசினார்.

இசைக்கு வந்த வழி

மாதங்கி லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நுண்கலை, திரைப்படம், காணொளி ஆகியவற்றைப் பயின்றார். அவரது முதல் விருப்பம் ஆவணப்பட இயக்கம். எலாஸ்டிகா இசைக்குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவரது நண்பர். அக்குழுவின் 2000-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டை ஓவியம் செய்தார். குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபோது, உடன் வந்த பாடகர் பீச்சஸ் அவருக்கு ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளக்கருவியை அறிமுகப்படுத்தினார். இசைப் பயிற்சி இல்லாதவரும் தாளங்களை அடுக்கி, சுழலவிட்டு, அதன்மேல் பாட உதவும் மின்னணுப் பெட்டி அது. தன் முதல் பாடல்களை அக்கருவியைக் கொண்டே அமைத்தார்.

2001-ல் இலங்கை சென்று தன் உறவினரையும் அங்குள்ள இளைஞர் வாழ்க்கையையும் படம்பிடித்தார். அப்படம் அப்போது முழுமை பெறவில்லை. தான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதை விளக்கும் உரையையே அவர் முதலில் செய்ய முனைந்தார். உரை கிடப்பில் இருக்க, பாட்டு முன்னால் சென்றது. அவரது பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் உள்ளது.

எம்.ஐ.ஏ. என்னும் பெயர் போரில் காணாமல் போனவரைக் குறிக்கும் ராணுவச் சொற்றொடரின் சுருக்கம். லண்டனின் ஆக்டன் பகுதியையும் சேர்த்துச் சொல்விளையாட்டாக அதை அவர் வைத்துக்கொண்டார். 'கலாங்' என்னும் முதல் பாடல் 2003-ல் 500 இசைத்தட்டுப் பிரதிகளாக வெளிவந்து நடனக்கூடங்களில் பரவியது. எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

அருளர் (2005)

முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரைச் சூட்டினார். தன்னை விட்டுச் சென்ற தந்தை அப்பெயரைக் கண்டாவது தொடர்பு கொள்ளக்கூடும் என்ற எண்ணம் அதில் இருந்தது. தொகுப்பின் படிமங்கள் புலி, துப்பாக்கி, டாங்கி, பனைமரம். அச்சுருக்களை வெட்டித் தெளிக்கும் ஓவிய முறையில், கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, பச்சை வண்ணங்களில் அவற்றை அமைத்தார். இசையில் ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க், லண்டன் தெருவின் கிரைம் ஆகியவற்றின் தாளங்கள் கலந்தன. இத்தொகுப்பு 2005-ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது.

'சன்ஷவர்ஸ்' பாடலின் காணொளி தென்னிந்தியக் காட்டுப்பகுதியில் படமாக்கப்பட்டது. ராஜேஷ் டச்ரிவர் இயக்கினார். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் வரியை மாற்றினாலன்றி ஒளிபரப்ப முடியாது என எம்.டி.வி. கூறியது. மாதங்கி மாற்றவில்லை. வன்முறையை அழகுபடுத்துகிறார் என்ற குற்றச்சாட்டும், புலிகளை ஆதரிக்கிறார் என்ற குற்றச்சாட்டும் இத்தொகுப்பிலிருந்தே தொடங்கின. இரண்டாவதை அவர் மறுத்தார்.

அருளர் தொகுப்பில் வேடம் மகளுடையதும் போராளியுடையதுமாக ஒரே நேரத்தில் உள்ளது. தந்தையைத் தேடும் மகள் தந்தையின் உடையை எடுத்து அணிந்துபார்க்கும் நிலை அது. அத்துடுக்கு இத்தொகுப்பின் உயிர். ஆனால் மகளின் குரலை மேலைக் கேட்பவர் கேட்கவில்லை. போராளியின் குரலை மட்டுமே கேட்டனர்.

கலா (2007)

இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரைச் சூட்டினார். அமெரிக்காவில் இசையமைப்பாளர் டிம்பலேண்டுடன் பணிபுரியத் திட்டமிட்டிருந்தார். 2006-ல் அமெரிக்க விசா கிடைப்பதில் தடை ஏற்பட்டது. எனவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குச் சென்று ஒலிகளைச் சேகரித்தார். மூடப்பட்ட ஒரு கதவே இத்தொகுப்பை உருவாக்கியது. அவரது படைப்புகளில் மிகச் சிறந்ததாகப் பெரும்பாலான விமர்சகர்கள் கருதுவதும் இதையே.

சென்னையில் உறுமிக் கலைஞர்களைக் கொண்டு 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களின் தாளங்கள் பதிவாயின. 'பேர்ட் ஃப்ளூ' காணொளியை ராமேஸ்வரம் கடற்கரைக் கிராமத்தில் மாதங்கியே இயக்கினார். 'பாம்பூ பங்கா' பாடலில் தளபதி (1991) படத்துக்காக இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் துண்டு ஒலிக்கிறது. 'ஜிம்மி' பாடல், டிஸ்கோ டான்சர் (1982) என்னும் இந்திப் படத்துக்காக பப்பி லஹிரி அமைத்த பாடலின் மறு ஆக்கம். சிறுவயதில் குடும்ப விழாக்களில் மாதங்கி ஆடிய பாடல் அது. அதன் மெட்டை வைத்துக்கொண்டு, ருவாண்டா, டார்ஃபூர் ஆகிய பெயர்கள் வரும் கசப்பான காதல் பாட்டாக அதை மாற்றினார்.

கலா தொகுப்பில் வேடம் தனியாக நிற்கவில்லை. ஒலியே வேடமாக உள்ளது. அகதி, தொழிலாளி, சந்தையில் விற்பவர், திருவிழாவில் ஆடுபவர் எனப் பலரும் ஒலியின் வழியாகவே வருகின்றனர். கேட்பவருக்கு மொழி புரியாவிட்டாலும் உடல் புரிந்துகொள்கிறது. அருளர் தொகுப்பில் படிமமாக இருந்த நிலம் இதில் தோலாகவும் குச்சியாகவும் மூச்சாகவும் மாறியது.

உறுமி: திருவிழாவிலும் கணினியிலும்

உறுமி நடுவில் ஒடுங்கிய இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமும் ஒலியை எழுப்புவர். மறுமுகத்தைக் குச்சியால் அடிப்பர். ராஜகம்பளத்து நாயக்கர் ஆடும் தேவராட்டத்தில் இது தேவதுந்துபி எனப்படுகிறது. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் இவ்வாட்டம் வழங்குகிறது. ராஜபாளையத்தைச் சூழ்ந்த கிராமங்கள் உள்ளிட்ட தென்மாவட்ட அம்மன் கோயில் விழாக்களிலும் உறுமியின் ஒலி பழக்கமானது. தமிழர் குடியேறிய மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் பெருகியுள்ளன.

தேவராட்டத்தில் உறுமி ஆட்டத்தை நடத்துகிறது. ஒரு அடவு முடிந்து அடுத்த அடவுக்கு மாறும்போது அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்து மாற்றுகிறார். ஆடுபவர் அடிப்பவரின் கையைக் கேட்டு மாறுகிறார். தாளம் மெல்லத் தொடங்கி விரைந்து உச்சத்தை அடையும். அந்த விரைவு யாரும் முன்கூட்டி அளந்து வைத்ததல்ல. மின்னணு இசை இதற்கு மாறாக இயங்குகிறது. பதிவான அடியிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுத்து, மாறாத வேகத்தில் சுழலவிடுகிறது. உறுமியின் தேய்ப்பொலியில் உள்ள ஏற்ற இறக்கம் அச்சுழற்சியில் உறைந்துவிடும் ஆபத்து உண்டு.

'பேர்ட் ஃப்ளூ' பாடலில் அந்த ஆபத்து பெருமளவு தவிர்க்கப்பட்டுள்ளது. தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கப்பட்டு, ஒன்றை ஒன்று முந்துகின்றன. கோழிச் சத்தமும் சிறுவர் கூச்சலும் இடையில் புகுகின்றன. திருவிழாக் கூட்டத்தின் நெரிசலை அப்பாடல் தருகிறது. மேலைநாட்டுப் பாடல் அமைப்புக்குரிய பல்லவி, சரணப் பிரிவை அது பொருட்படுத்தவில்லை. உலகச் சந்தைக்கு வந்த பாடல்களில் உறுமி பின்னணி அலங்காரமாக அல்லாமல் பாடலின் முதுகெலும்பாகவே ஒலித்தது இதில்தான் என்று கூறலாம்.

குறையும் உண்டு. இப்பாடல்களுடன் சேர்த்து நினைவுகூரப்படும் பெயர்கள் மாதங்கி, ஸ்விட்ச், டிப்லோ ஆகியோருடையவை. உறுமி அடித்தவர்களின் பெயர்கள் கேட்பவர் நினைவில் இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி எங்கெங்கோ காயம் கட்டுகிறது. நெய்தவர் பெயர் அதில் இருப்பதில்லை. பதக்கம் தைத்த தாயின் பெயரை ஒரு தொகுப்புக்கே சூட்டியவர், அத்தொகுப்புக்குத் தாளம் தந்தவர்களையும் அவ்வாறு முன்னிறுத்தியிருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. பெயரற்ற உழைப்பைப் பற்றிப் பாடும் கலைஞரிடம் மட்டுமே இக்கேள்வியைக் கேட்க முடியும் என்பதும் உண்மை.

பேப்பர் பிளேன்ஸ்: புரியாத வேடம்

கலா தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் 2008-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்தை அடைந்தது. இங்கிலாந்தின் கிளாஷ் குழு 1982-ல் வெளியிட்ட ஒரு பாடலின் இசைத்துண்டு இதற்கு அடிப்படை. பல்லவியில் சிறுவர்கள் குதூகலமாகப் பாட, இடையே துப்பாக்கி வெடிக்கிறது, கடையின் பணப்பெட்டி திறக்கும் ஓசை கேட்கிறது. போலி விசா செய்பவராகவும் வழிப்பறிக்காரராகவும் பாடுபவர் பேசுகிறார்.

குடியேறியவர் அனைவரும் பணம் பறிக்க வந்தவர்கள் என அஞ்சுவோரின் கற்பனைப் பாத்திரத்தை எடுத்து, அவர்கள் முன்னாலேயே நடித்துக்காட்டும் நையாண்டி அது. விசா மறுக்கப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்த வேடம். எம்.டி.வி. ஒளிபரப்பில் துப்பாக்கி ஒலி மாற்றப்பட்டது. டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் அவ்வாறே நடந்தது. பலர் பாடலை மிரட்டலாகக் கேட்டனர். இன்னும் பலர் பொருளே கருதாமல் விருந்துகளில் ஆடினர்.

முத்துக்குறி நடக்கும் இடத்தில், கட்டுவிச்சியாகப் பேசுபவரை யாரும் கட்டுவிச்சி என எண்ணி அஞ்சுவதில்லை. உரை உடனிருக்கிறது. எம்.ஐ.ஏ.யின் மேடையில் பாட்டும் அபிநயமும் இருந்தன. உரை சொல்லும் பொறுப்பு செய்தித்தாள்களுக்குச் சென்றது. மூலமே தெரியாதவர்கள் உரை எழுதினார்கள்.

சுவீடனைச் சேர்ந்த கரின் டிரேயர் இதே காலத்தில் இதற்கு எதிரான வழியைத் தேர்ந்தார். 'தி நைஃப்' இரட்டையரில் ஒருவராகவும், பின் 'ஃபீவர் ரே' என்ற பெயரில் தனியாகவும் இசை அமைத்த அவர் முகமூடி அணிந்தார். தன் குரலையும் மின்னணுக் கருவியால் ஆண்குரலாக, பேய்க்குரலாகத் திரித்தார். பாடுபவர் வேறு, பாத்திரம் வேறு என்பது முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். மாதங்கி தன் சொந்த முகத்தையே வேடமாகப் பயன்படுத்தினார். தன் உண்மை வரலாற்றையே பாத்திரத்தின் வரலாறாக வைத்தார். ஆகவே பாத்திரத்தின் மீது வீசப்பட்ட கற்கள் அனைத்தும் அவர்மீது விழுந்தன. முகமூடி அணியும் வசதி அகதிக்கு இல்லை என்றும் இதைக் கூறலாம். முகமற்றவராகவே அறியப்படும் சமூகத்திலிருந்து வந்தவருக்கு முகத்தைக் காட்டுவதே முதல் தேவையாகிறது.

2009

2009-ஆம் ஆண்டு அவரது புகழின் உச்சமும் ஈழத்தின் பேரழிவும் ஒன்றாக நிகழ்ந்த ஆண்டு. ஸ்லம்டாக் மில்லியனர் படத்தில் ஏ.ஆர். ரஹ்மானுடன் இணைந்து உருவாக்கிய 'ஓ சாயா' பாடல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 'பேப்பர் பிளேன்ஸ்' கிராமி பரிந்துரை பெற்றது. பிப்ரவரி 8 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் அமெரிக்க ராப் கலைஞர்களுடன் தோன்றினார். அதே வாரங்களில் வன்னியில் மக்கள் குண்டுவீச்சுக்கு இடையே சிக்கியிருந்தனர். மே மாதம் போர் முடிந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் அங்கு நடப்பது இனப்படுகொலை என்றார். மேலை வெகுஜன ஊடகத்தில் அவ்வளவு உயரத்தில் நின்று அதைப் பேசிய தமிழ்க்குரல் வேறு இருக்கவில்லை. ஆனால் பாடல்களின் வழியாகப் பழகிய கண்கள் அப்பேச்சையும் இன்னொரு வேடமாகவே பார்த்தன. நடிப்பாக இல்லாதது நடிப்பாகப் பார்க்கப்பட்டது. அவரது கலை வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பு இது. வேடத்தின் எல்லையை முன்பே வரைந்து காட்டாததன் விலையை அவர் அப்போது கொடுக்க நேர்ந்தது.

மாயா (2010): அபிநயம் தனித்து நின்றபோது

மூன்றாவது தொகுப்பு அவரது சொந்தப் பெயரில் வந்தது. துளையிடும் கருவியின் இரைச்சல், உடைந்த மின்னணு ஒலிகள், இணையத்தின் நெரிசல் ஆகியவை இதன் உலகம். இணைய நிறுவனங்கள் வழியாக அரசுகள் மக்களைக் கண்காணிக்கின்றன என்று தொடக்கப் பாடல் கூறியது. அன்று அது கேலிக்குள்ளானது. 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அதைப் பலர் நினைவுகூர்ந்தனர்.

'பார்ன் ஃப்ரீ' பாடலின் காணொளியை ரொமேன் கவ்ராஸ் இயக்கினார். ராணுவத்தினர் செம்பட்டை முடி கொண்ட இளைஞர்களைத் தேடிப் பிடித்து, பாலைநிலத்தில் கொல்வது அதன் கதை. யூடியூப் அதை நீக்கியது. ஈழத்தில் நடந்ததை வெள்ளைத்தோல் உடல்கள் மேல் ஏற்றிக் காட்டினால் மேலைப் பார்வையாளருக்கு உறைக்கும் என்ற எண்ணம் அதன் பின்னுள்ளது. உறைத்தது வன்முறை மட்டுமே. யாரைப் பற்றியது என்பது பார்ப்பவரைச் சென்று சேரவில்லை. உருவகம் கூர்மையாக இருந்தும், அது எதன் உருவகம் என்று சொல்லும் குரல் படத்துக்குள் இல்லை.

அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரை, அவரது அரசியலுக்கும் வசதியான வாழ்க்கைக்கும் இடையே முரண் இருப்பதாகச் சித்தரித்தது. மாதங்கி அக்கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் வெளியிட்டார். அது பிழையான செயல். விவாதம் ஈழத்திலிருந்து விலகி அவரது நடத்தையைப் பற்றியதாக மாற அது உதவியது.

2012 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் மடோனாவுடன் பாடியபோது, நடுவிரலைக் காட்டினார். 11 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த நிகழ்ச்சி அது. போட்டி அமைப்பு பெருந்தொகை இழப்பீடு கோரியது. 2014-ல் இணக்கம் ஏற்பட்டது. அவ்விரல் மாதங்கி தேவியின் முத்திரை என அவர் பின்னர் விளக்கினார். அரையர் சேவையில் பாட்டு முதலில் வருகிறது, அபிநயம் அதிலிருந்து பிறக்கிறது, உரை அதைத் தொடர்கிறது. இங்கே அபிநயம் முதலில் வந்தது. உரை ஓராண்டுக்கும் மேல் கழித்து வந்தது. பாட்டு அவருடையதாகவே இல்லை.

மாதங்கி, எய்ம், மாட்டா

2012-ல் வெளிவந்த 'பேட் கேர்ள்ஸ்' காணொளி, மொராக்கோவின் பாலைநிலத்தில் பெண்கள் கார்களை ஒருபக்கச் சக்கரங்களில் ஓட்டும் காட்சியால் புகழ்பெற்றது. பாடல், படிமம், உடை மூன்றும் பொருந்தி நின்ற ஆக்கம். 2013-ல் வந்த மாதங்கி தொகுப்பு, இசைக்கும் அறிவுக்கும் உரிய தேவியின் பெயரும் தன் பெயரும் ஒன்றாக இருப்பதை மையமாகக் கொண்டது. தந்தை, தாய், தான் என்ற வரிசையில் சென்ற தலைப்புகள் தெய்வத்தில் வந்து நின்றன. சில பாடல்களில் கலா தொகுப்பின் தாள வலிமை மீண்டது.

2015-ல் அவரே இயக்கிய 'பார்டர்ஸ்' காணொளி, ஐரோப்பாவுக்கு அகதிகள் பெருமளவில் வந்த காலத்தில் வெளியானது. மனிதர்கள் வேலியில் ஏறி நிற்கின்றனர். படகுகளில் நெருங்கி அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு நடுவே மாதங்கி பாடுகிறார். அகதிகளைக் காட்சிப்பொருளாக்கினார் என்ற விமர்சனம் எழுந்தது. அவ்விமர்சனத்தில் ஓரளவு உண்மை உண்டு. சுற்றியிருப்போர் பேசுவதில்லை. ஆயினும் அப்படகில் தானும் ஒருத்தியாக அமரும் உரிமை உள்ள பாடகர் அவரைத் தவிர மேலைப் புகழ்வெளியில் அரிது.

2016-ல் எய்ம், 2022-ல் மாட்டா தொகுப்புகள் வெளிவந்தன. இவற்றில் தாளம் உண்டு, துடுக்கு உண்டு, புதிய வேடம் இல்லை. 2020-ல் டிராவிஸ் ஸ்காட்டின் 'ஃபிரான்சைஸ்' பாடலில் பங்கேற்றதன் மூலம் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றார். தன் மிக எளிய பங்களிப்பில் மிக உயர்ந்த இடத்தை அவர் அடைந்தது சந்தையின் இயல்பைக் காட்டுகிறது.

ஆவணப்படம்

கல்லூரிக் கால நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' ஆவணப்படம் 2018-ல் சன்டான்ஸ் திரைவிழாவில் திரையிடப்பட்டுச் சிறப்பு நடுவர் விருது பெற்றது. மாதங்கி இளமையிலிருந்து தானே பதிவுசெய்து வைத்திருந்த காட்சிகளே படத்தின் பெரும்பகுதி. 2001-ல் இலங்கையில் எடுத்த காட்சிகளும் அதில் உள்ளன. பாட்டி, உறவினர், சகோதரரோடு தந்தையைப் பற்றி நடக்கும் உரையாடல்கள், அகதிக் குடும்பத்தின் வீட்டறை ஆகியவை வருகின்றன.

முதல் தொகுப்புக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய உரை, பதினேழு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. படத்தைப் பார்த்தபின் அருளர் தொகுப்பைக் கேட்பவர், போராளியின் குரலுக்குக் கீழே மகளின் குரலைக் கேட்பார். 'பார்ன் ஃப்ரீ' யாரைப் பற்றியது என்பதும் விளங்கும். படத்தின் தலைப்பிலேயே மூன்று பெயர்கள் உள்ளன. முத்துக்குறியைப் போல மூன்று பாத்திரங்களும் ஒரே உடலில் என்பதை அது முதன்முறையாக வெளிப்படையாகச் சொல்கிறது.

மதிப்பீடு

எம்.ஐ.ஏ. உலக வெகுஜன இசையில் ஈழத்தமிழ் அகதி வாழ்க்கையை நிலைநிறுத்திய முதல் பெரும் கலைஞர். தென்தமிழ்நாட்டின் உறுமியை மின்னணு இசையின் மையத்தில் வைத்துக் கேட்கச் செய்தவர். இசைப் பயிற்சியின்றி ஒரு தாளப்பெட்டியுடன் தொடங்கி, தன் உலகத்துக்கான ஒலி, நிறம், உடை அனைத்தையும் தானே ஆக்கிக்கொண்டவர். கலா தொகுப்பு அவரது சாதனை. அதில் வேடமும் ஒலியும் பிரிக்க முடியாதவை. அதற்குப் பிந்தைய ஆக்கங்களில் சைகை ஒலியை முந்தியது. சைகை மட்டும் எஞ்சியபோது, அதற்கு யார் வேண்டுமானாலும் பொருள் எழுத முடிந்தது.

அவரது தோல்விகளை அவரது குணத்தின் விளைவாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரையருக்குப் பல நூற்றாண்டுகளாகப் பாசுரம் அறிந்த அவை முன்னால் அமர்ந்திருக்கிறது. ராஜபாளையத்தைச் சுற்றிய கிராமங்களில் உறுமி அடிப்பவருக்கு, அடுத்த அடி எங்கே விழும் என்று அறிந்த கால்கள் எதிரே நிற்கின்றன. மாதங்கிக்கு அப்படி ஓர் அவை கிடைக்கவில்லை. தமிழ் அறிந்தோர் அவரது ஆங்கிலத்தையும் ராப்பையும் அந்நியமாகக் கண்டனர். ஆங்கிலம் அறிந்தோர் அவரது ஈழத்தை அறியவில்லை. பாட்டு, அபிநயம், உரை மூன்றையும் ஒருவரே, அவை இல்லாமல், ஒரே மூச்சில் செய்ய முயன்றார். அம்முயற்சி சில இடங்களில் சிதறியது. உறுமி ஒலிக்கும் இடங்களில் மட்டும் உரை தேவைப்படவில்லை.